அக்னியூ அம்மையாரும் உடுவில் பிள்ளைகள் தேடிய சமாதானமும்

காலைக் கூட்டத்தில் "சமாதானம்" என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம் என்று எங்கள் வகுப்பார் அண்மையில் ஒன்றுகூடியபோது கணக்குப் பார்த்தோம். விடுதியில் இருந்தவர்களுக்குக் காலையும் மாலையும், வீட்டிலிருந்து வந்தவர்களுக்குக் காலை மட்டும் என்று தொடங்கிய கணக்கு, தேநீர் வந்ததும் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. நாங்கள் படித்தது போர்க்காலம். அப்போது சமாதானம் என்றால் யுத்த நிறுத்தம், பேச்சுவார்த்தை, கொழும்புப் பாதை திறப்பது, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மலிவது. "கடவுளோடு சமாதானம்" என்று ரீச்சர் ஒருநாள் சொன்னபோது, "கடவுளோடு எங்களுக்கு எப்ப சண்டை வந்தது?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். ரீச்சருக்குக் கேட்டதோ தெரியாது. பாடம் தொடர்ந்தது.

நமது கல்லூரி உண்டானதே அந்தக் கேள்வியைச் சிரிப்பாக எடுக்காத சில பெண்களால்தான் என்று இப்போது விளங்குகிறது. நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை எழுதும்படி சங்கம் கேட்டபோது, கட்டடங்களையும் அதிபர்களின் வரிசையையும் மற்றவர்கள் எழுதுவார்கள், நாங்கள் அந்தப் பழைய கேள்வியையே எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தோம்.

தமிழ் வேதாகமத்தில் சமாதானம் என்பது மன அமைதியை மட்டும் குறிப்பதில்லை. பகைத்த இருவர் இணங்குவதற்கும் அதே சொல்தான். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரம் இந்தப் பொருளில்தான் தொடங்குகிறது. தன் நற்செய்கைகளைக் காட்டி மனிதன் கடவுள்முன் நிமிர்ந்து நிற்க முடியாது, கிறிஸ்துவை விசுவாசிப்பதாலேயே உறவு சீராகிறது, அதற்கு விலை இல்லை என்பது அதன் சாரம். மாட்டின் Lutherரிலிருந்து வெஸ்லி வரை எத்தனையோ பேரைப் புரட்டிப்போட்ட நிருபம் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் எழுந்த எழுப்புதல் கூட்டங்களில், பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளையும் அதே செய்தி உலுக்கியது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் எலைசா அக்னியூ. 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் புவியியல் வகுப்பில் ஆசிரியை வரைபடத்தில் ஒரு சிறு தீவைத் தொட்டுக் காட்டி, ஹரியற் நியூவெல் அடக்கம் செய்யப்பட்ட இடம் இது என்றாராம். இன்று நாம் மொரிசியஸ் என்று சொல்லும் தீவு அது. ஹரியற் நியூவெல் 1812இல் கணவரோடு கல்கத்தாவுக்கு ஊழியத்துக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பனி தங்க விடாததால் அந்தத் தீவுக்குக் கப்பலேறியவர். வழியில் கப்பலிலேயே பிரசவம். குழந்தை இறந்தது. சில வாரங்களில் தாயும் காசநோயால் இறந்தார். வயது பத்தொன்பது. மனைவியைப் புதைத்துவிட்டு சாமுவேல் நியூவெல் வந்து சேர்ந்த இடம் இலங்கை. அவர் யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு எழுதிய பரிந்துரை, 1816இல் அமெரிக்க மிசன் இங்கே வருவதற்கு ஒரு காரணமாயிற்று. வரைபடத்தில் விரல் வைத்த ஆசிரியை இதையெல்லாம் எண்ணியிருக்க மாட்டார். எட்டு வயது எலைசா மட்டும் அன்றே தானும் மிசனரியாவேன் என்று மனத்தில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் அவருக்கு அந்தச் சமாதானம் கிடைத்தது எட்டு வயதில் அல்ல, பதினாறாம் வயதில், 1823இல் நடந்த ஓர் எழுப்புதலில்தான். இதைச் சற்று விளக்க வேண்டும். அவர் வளர்ந்த திருச்சபை மரபில், கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தால் மட்டும் போதாது. தான் பாவி என்று உணர்ந்து கலங்குதல், தன் முயற்சியால் அந்தக் கலக்கம் தீராது என்று கைவிடுதல், பிறகு கிறிஸ்து தனக்காகவும் மரித்தார் என்று நம்பி ஆறுதல் அடைதல் ஆகிய மூன்றையும் ஒருவர் தானாகக் கடந்துவர வேண்டும். சபையில் சேர விரும்புவோர் அதைத் தம் வாயால் சொல்லவும் வேண்டும். வெறுமனே ஞானஸ்நானப் பதிவு காட்டிச் சேர முடியாது. இந்தக் கடுமையான மரபுதான் பின்னர் கப்பலேறி உடுவிலுக்கு வந்தது.

உடுவிலில் அப்போது ஏற்கெனவே பாடசாலை இருந்தது. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் தொடங்கிய விடுதிப் பாடசாலையின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். மழை இரவில் வீடு திரும்ப முடியாமல் நின்ற இரண்டு சிறுமிகளின் கதையைச் சொல்லாத பரிசளிப்பு விழாவை நாங்கள் கண்டதில்லை. அந்தக் கதையில் சொல்லப்படாத ஒன்று அம்மையாரின் வீட்டுத் துக்கம். பிள்ளைகளைச் சிறு வயதிலேயே இழந்த தாய் அவர். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் சார்ள்ஸ் 1832இல் அங்கே இறந்தான். அடுத்த தை மாதம் அம்மையாரும் இறந்தார். வயது முப்பத்தாறு. கடவுளோடு சமாதானம் பெற்றவர்களின் வாழ்வு இலகுவாக இருந்தது என்று எவராவது சொன்னால், முதலில் இந்த ஆண்டுக் கணக்கைக் காட்டலாம்.

அம்மையாருக்குப் பின் பாடசாலையைத் தாங்கியவர்கள் ஸ்போல்டிங் தம்பதியர். பெற்றோர் இருக்கும்வரை வீட்டில் இருந்து அவர்களைப் பார்த்த எலைசா அக்னியூ, அவர்கள் காலமானபின் 1839இல் பொஸ்டனில் கப்பலேறி, 1840 தை மாதம் யாழ்ப்பாணம் வந்தார். சில காலத்தில் உடுவில் பாடசாலை அவர் பொறுப்பில் வந்தது. 1879 வரை அவரே நடத்தினார். இடையில் ஒருதரமும் ஊருக்குப் போகவில்லை. விடுமுறைக்குக்கூட.

இங்கே நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்காக உடுவிலுக்கு வந்தார்கள்? பெண்பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று ஊர் கேட்ட காலம். பிள்ளையை விடுதியில் விடச் சம்மதிக்கும் பெற்றோருக்கு மிசன் சாப்பாடும் உடுப்பும் கொடுத்தது. படிப்பு முடியும்வரை இடையில் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று ஒப்பந்தம். அதற்கு மேலாக, முடித்து மணமாகும்போது சீதனமும் கொடுத்தது. ஆம், சீதனம்! அமெரிக்காவில் பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டார்கள். இன்றும் நமது ஊர்க் குடும்பங்கள் சிலவற்றில் வாயில் நுழையாத அமெரிக்கப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக வருவதன் தொடக்கம் அதுதான்.

விலையில்லாமல் கிடைப்பது கடவுளின் கிருபை என்று காலையில் போதித்துவிட்டு, சீதனக் காசைக் கணக்குப் புத்தகத்தில் எழுதியது முரண்பாடு அல்லவா? முரண்பாடுதான். அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. மிசனே அதை உணர்ந்திருந்தது. 1855இல் அமெரிக்காவிலிருந்து றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழு, இளைஞர்கள் ஆங்கிலத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வருகிறார்களே தவிர சுவிசேஷத்துக்கு அல்ல என்று கண்டு, பேர்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியையே மூடிவிட்டது. உடுவில் தப்பியது. உத்தியோகம் கிடைக்காத பெண்களிடத்தில் உத்தியோக ஆசையைச் சந்தேகிக்க இடமில்லை என்பதும் தப்பியதற்கு ஒரு காரணமாய் இருக்கும் என்பது எங்கள் ஊகம்.

அக்னியூ அம்மையாரின் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் படித்தார்கள் என்றும், அவர்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாக வெளியேறினார்கள் என்றும், முழுப் படிப்பையும் முடித்தவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவராகாமல் போகவில்லை என்றும் மிசன் ஏடுகள் பெருமையோடு சொல்கின்றன. "ஆயிரம் புத்திரிகளின் தாய்" என்ற பட்டமும் அங்கிருந்துதான் வந்தது. இந்த எண்களை நாங்கள் நம்புகிறோம், ஆனால் இவை எதைச் சொல்கின்றன என்பதில் எங்களுக்குச் சந்தேகம். எல்லோரும் மாறுகிற வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளை தானும் மாறுவதற்குக் கடவுள் மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தோழிகள் காரணமாகலாம். பிரியமான ஆசிரியை காரணமாகலாம். விடுதியில் இருந்தவர்களுக்கு இது விளக்கம் சொல்லாமலே புரியும்.

அதேநேரம், எல்லாவற்றையும் சோற்றுக்கும் சீதனத்துக்கும் என்று தள்ளுவதும் நியாயமில்லை. மற்றப் பக்கத்தைப் பாருங்கள். திருநீறு பூசிய வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஞானஸ்நானம் பெற்றால், தாயின் கண்ணீரையும் மாமன்மாரின் கோபத்தையும் சுமக்க வேண்டும். கோயில் திருவிழாவில் அவளுக்கு இடமில்லை. மிசன் கொடுத்த சிறு தொகை அதற்கு ஈடாகாது. யாழ்ப்பாணத்துச் சைவம் அன்று பேச்சற்றுக் கிடந்த சமயமும் அல்ல. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்த ஆறுமுக நாவலர், அந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சேறுமுன்பே, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். வேதாகமத்தை வரிக்கு வரி அறிந்த ஒருவர் அதைப் பெற்றுக்கொள்ளாமல் போகலாம் என்பதும், எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு பெண் அதில் தன் உயிரைக் கண்டுகொள்ளலாம் என்பதும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் நடந்தவை.

அந்தப் பெண் கண்டுகொண்டது என்ன? இங்கே எங்கள் தொழில் கொஞ்சம் கைகொடுக்கிறது.

வைத்தியசாலை விடுதிகளில் இருபது வருடமாக நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி, "இது மாறுமா டொக்டர்?" என்பதல்ல. "நான் என்ன பாவம் செய்தனான்?" என்பதுதான். சைவரும் கேட்கிறார்கள், கிறிஸ்தவரும் கேட்கிறார்கள். புற்றுநோய் என்று சொன்னால் கேட்கிறார்கள், பிள்ளை தங்காவிட்டால் கேட்கிறார்கள். எங்கள் புத்தகங்களில் அதற்குப் பதில் இல்லை. காரணம் கேட்டால் கலங்களைப் பற்றியும் கிருமிகளைப் பற்றியும் சொல்வோம். அவர்கள் கேட்பது அதை அல்ல என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அக்னியூவின் காலத்து யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி இன்னும் பலமாக ஒலித்திருக்கும். அம்மை போட்டால் அம்மாளின் கோபம். வாந்திபேதி வந்தால் ஊரோடு போகும். 1866இல் வந்த கொள்ளைநோயில் குடாநாடு எங்கும் சாவு. கணவன் இறந்தால் மனைவியின் சாதகத்தைப் பார்த்தார்கள். பழி எங்காவது போய் ஒரு பெண்ணின் தலையில்தான் தங்கும். அப்படியான ஊரில் ஒரு பிள்ளையை இருத்தி, உன் கணக்கு ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது, உன் வருத்தம் கடவுள் உன்மேல் வைத்த பழி அல்ல, அவர் உனக்கு விரோதி அல்ல என்று ஒருவர் சொன்னால், அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்! பொஸ்டன் சபைகளில் அது வேதசாத்திர விவாதம். உடுவிலில் அது ஒரு பெண்ணின் முதுகிலிருந்து இறக்கப்பட்ட சுமை. அந்த அறுநூறு பேரில் எத்தனை பேருக்கு அப்படி இறங்கியது என்று ஏடுகளில் இல்லை. சிலருக்கு இறங்கியிருக்கும். அந்தச் சிலரால்தான் மகளும் பேத்தியும் அதே பாடசாலைக்கு வந்தார்கள். தாம் படிப்பித்தவர்களின் பிள்ளைகளையும், சில வீடுகளில் பேரப்பிள்ளைகளையும் அக்னியூ அம்மையாரே படிப்பித்தார்.

அதே காலத்தில் நாலு மைலுக்குள் மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1847இல் வந்தவர், அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியவர், அங்காதிபாதத்தையும் இரணவைத்தியத்தையும் தமிழில் தந்தவர் என்பதெல்லாம் தெரிந்த செய்தி. எங்களுக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. கிறிஸ்தவரானவர்கள் தொப்பியும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரராவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்துவிடம் வருவதற்குத் தமிழர் தமிழராக இருப்பதை விட வேண்டியதில்லை என்று வாதாடினார். சமாதானத்துக்கும் நாகரிகத்துக்கும் இருந்த வித்தியாசம் அவருக்குத் தெளிவாய் இருந்தது. மற்ற மிசனரிமார் பலருக்கு அப்படி இருக்கவில்லை. பிள்ளைகளின் பெயரையே மாற்றிய நமது பாடசாலைக்கும் இருக்கவில்லை. 1884இல் அமெரிக்காவில் இறந்த கிறீன், தன் கல்லறையில் தமிழருக்கு வைத்திய ஊழியராய் இருந்ததையும், இயேசுவே தனக்கு எல்லாம் என்பதையும் மட்டும் பொறிக்கும்படி கேட்டிருந்தார்.

எங்கள் காலத்துக்கு வருவோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. மழை. செம்மணி வெளியில் இருந்து நாவற்குழிப் பாலம்வரை தலைகள்தான். எங்கள் வகுப்பில் பெரும்பாலானோர் அந்தச் சனத்துக்குள் இருந்தோம், ஒருவரை ஒருவர் காணாமல். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா, அவரும் உடுவில் பிள்ளைதான், நின்ற நிலையில் பிஸ்கற் பெட்டியைத் திறந்து, சாப்பிடுமுன் கண்ணை மூடினாராம். "ஆச்சி, நிக்காமல் நடவுங்கோ!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். அவர் ஆமென் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். பிறகு பெட்டியைப் பின்னால் கத்தியவரிடம் நீட்டினார். பயமில்லையா என்று பேத்தி கேட்டதற்கு, பயந்தான், ஆனால் அவரோடு கோபமில்லை என்றாராம். கடைசி வாங்குக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நாங்கள் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

எங்கள் எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதே வீதியில், அதற்குப் பின் வந்த வருடங்களில், கடவுளோடு கதைப்பதை நிறுத்தியவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி இன்றும் தேவாலயப் படி ஏறுவதில்லை. கோயிலில் விளக்கேற்றி ஆறுதல் கண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் காலைக் கூட்டத்தில் எங்களோடு நின்று பாடியவர்கள்தான். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் அக்காமார், தங்கைமாரில் மூன்று வகையினரும் இருப்பீர்கள். உங்களில் யாரையும் அக்னியூ அம்மையார் விட்டுவிட்டிருப்பார் என்று தோன்றவில்லை. படித்து மணமாகிப் போனவர்களின் வீடு தேடிப் போவது அவர் வழக்கம்.

1879இல் அவர் பாடசாலைப் பொறுப்பை விட்டார். வயது எழுபத்திரண்டு. அதே வருடம் மார்கழியில் நாவலர் காலமானார். ஒரு தலைமுறை முடிந்தது போல. அக்னியூ மானிப்பாயில், புதிதாக வந்த மேரி, மார்கிரற் லீச் சகோதரிகளோடு தங்கினார். கடைசியில் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். 1883 ஆனி மாதம் அவர் இறக்கும் தறுவாயில், உங்களுக்காக என்ன வேண்டிக்கொள்ளட்டும் என்று அருகில் நின்றவர்கள் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக, அவர்கள் கிறிஸ்துவிடம் வரும்படி வேண்டுங்கள் என்றார். அவர் யாழ்ப்பாணம் வந்து அப்போது நாற்பத்துமூன்று வருடம். அந்தப் பெண்களில் ஆயிரம் பேரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.